மெர்க்கிளின் விதி

விதி என்றால் சட்டம், ஊழும்தான். பேஸ்பால் வீரர் பிரெட் மெர்க்கிளை நினைக்கையில் எனக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன.

1908 செப்டம்பர் 23. நியூயார்க் ஜயன்ட்ஸ் - சிகாகோ கப்ஸ் ஆட்டம் 1-1 எனச் சமநிலை. கடைசிக் கட்டம், இருவர் அவுட். முதல் தளத்தில் 19 வயது மெர்க்கிள். சக வீரர் பந்தை அடிக்க, வெற்றி ஓட்டம் வந்தது. ரசிகர்கள் களத்துக்குள் பாய்ந்தனர். அக்கால வழக்கப்படி, இரண்டாம் தளத்தைத் தொடாமலே மெர்க்கிள் வெளியேறினார். தொடாவிட்டால் ஓட்டம் செல்லாது என்பது ஏட்டில் உறங்கிய விதி. எதிரணி முறையிட, நடுவர் ஹாங்க் ஓடே அவரை அவுட் என்றார். மறு ஆட்டத்தில் தோற்ற ஜயன்ட்ஸ் பட்டத்தை இழந்தது.

பின்னரும் பல்லாண்டுகள் திறம்பட ஆடியவரை, 1956இல் மறையும்வரை ‘மண்டூகம்’ என்றே உலகம் நினைவுகூர்ந்தது. தீர்ப்பு சரியே. ஆனால், ஊரே மறந்த விதிக்கு ஓர் இளைஞனை மட்டும் பழித்தது அறமன்று.