வான்தொடு மாடங்கள் கண்ட பொறியறிஞர் பஸ்லுர் ரஹ்மான் கான்

நிலைமத் திருப்புத்திறன் பற்றிய பாடத்தைப் பயிலும் மாணவர் பலர், தேர்வுக்கு அப்பால் இதனால் யாது பயன் என வினவக் கேட்டிருக்கிறோம். அவ்வினாவிற்குத் தம் வாழ்வாலேயே விடை தந்தவர் பொறியறிஞர் பஸ்லுர் ரஹ்மான் கான்.

அவர் 1929ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் டாக்காவில், கணித ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கல்கத்தாவை அடுத்த சிப்பூரிலும் பின்னர் டாக்காவிலும் பொறியியல் பயின்றார். 1952இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுநிலைப் பட்டங்களும் முனைவர் பட்டமும் பெற்றார். 1955இல் சிகாகோவில் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ், மெரில் நிறுவனத்திற் பணியேற்றார்.

உயர்ந்த கட்டடத்திற்குப் பெரும்பகை காற்றே. அது பக்கவாட்டில் தள்ளும்பொழுது, கட்டடம் தரையில் நட்ட கம்பம்போல் வளைய முற்படும். அதனைத் தடுக்க உள்ளே தூண்களையும் உத்திரங்களையும் நிறைப்பதே அக்கால வழக்கம். மாடிகள் உயர உயர எஃகின் செலவும் அளவிறந்து பெருகியது.

சுழலும் சக்கரத்தில் பொருண்மை எவ்வாறு பரவியுள்ளது என்பது முதன்மையானது. வளையும் தூணிலோ குறுக்குவெட்டுப் பரப்பு எவ்வாறு பரவியுள்ளது என்பது முதன்மையானது. ஒரு சிறு பகுதி நடு அச்சிலிருந்து இருமடங்கு விலகி நின்றால், வளைவைத் தடுப்பதில் அதன் பங்கு நான்கு மடங்காகும். உள்ளீடற்ற மூங்கில் தன் எடைக்கு மிஞ்சிய உறுதி பெற்றிருப்பது இதனாலன்றோ!

கான் இவ்வுண்மையைக் கட்டடம் முழுமைக்கும் பொருத்தினார். தூண்களைப் புறச்சுவரில் நெருங்க நிறுத்தி, உத்திரங்களால் பிணைத்து, கட்டடத்தையே ஒரு குழாயாக்கினார். சிகாகோவின் 43 மாடி டிவிட் செஸ்ட்நட் குடியிருப்பு இம்முறையில் எழுந்தது. 1968இல் முழு உயரத்தை எட்டிய 100 மாடி ஜான் ஹான்காக் மையத்தில், புறத்தே மாபெரும் குறுக்குச் சட்டங்களை அமைத்தார். 1931இல் நியூயார்க்கில் திறக்கப்பெற்ற எம்பயர் ஸ்டேட் கட்டடத்திற்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 206 கிலோகிராம் எஃகு தேவைப்பட்டது. ஹான்காக் மையத்திற்கோ 145 கிலோகிராமே போதுமானதாயிற்று. 1973இல் ஒன்பது குழாய்களை ஒருங்கே கட்டியதுபோல் 110 மாடிச் சியர்ஸ் கோபுரம் 442 மீட்டர் உயர்ந்தது. இருபதாண்டுகளுக்கும் மேலாக உலகின் மிக உயர்ந்த கட்டடமாகத் திகழ்ந்த அது, இன்று வில்லிஸ் கோபுரம் எனப்படுகிறது.

ஜித்தா விமான நிலையத்தில் ஹாஜிகளுக்கு நிழல்தரும் கூடாரக் கூரைகளின் அமைப்பிலும் அவர் கைவண்ணம் உண்டு. அந்த ஜித்தாவிலேயே 1982 மார்ச் 27இல், 52 வயதில் மாரடைப்பால் மறைந்தார். சிகாகோவில் நல்லடக்கம் செய்யப்பெற்றார்.

பொருள் எவ்வளவு என்பதினும் அது எங்கே நிற்கிறது என்பதே வலிமையை வகுக்கும் என அவர் கட்டடங்கள் நமக்கு உணர்த்துகின்றன. பாடநூலின் ஒரு சூத்திரத்தைக் கடக்கும் மாணவச் செல்வங்கள், அதன்மேல் ஒரு நகரமே எழக்கூடும் என்பதை நினைவிற் கொள்வாராக.