எந்தப் பக்கம் ஏறுவது?
மாட்டர்ஹார்ன் சிகரத்தை வென்ற விம்பர்

ஐரோப்பாவில் உள்ள ஆல்ப்ஸ் மலையில் மாட்டர்ஹார்ன் என்று ஒரு சிகரம். உயரம் சுமார் 14,690 அடி. ஒரு பக்கம் சுவிட்சர்லாந்து, மறுபக்கம் இத்தாலி. மாட்டுக் கொம்பு போலக் கூராக நிற்கும். அதன் உச்சியில் பேய்கள் குடியிருப்பதாக அடிவாரத்து மக்கள் ஒரு காலத்தில் நம்பினார்கள்.

அந்த உச்சிக்கு முதன் முதலில் வழி கண்டவர், எட்வர்டு விம்பர். அவர் மலைநாட்டுக்காரர் அல்ல, லண்டன்காரர்!

படம் வரையப் போனவர்

விம்பர் 1840-ல் பிறந்தார். தகப்பனாருக்கு மரக்கட்டையில் படம் செதுக்கும் தொழில். அந்தக் காலத்தில் புத்தகங்களுக்கு அப்படித்தான் படம் அச்சிடுவார்கள். மகனும் சிறு வயதிலேயே அதே தொழிலுக்கு வந்தார். 1860-ல், ஆல்ப்ஸ் மலைகளைப் படம் வரைந்து வரும்படி ஒரு புத்தகக் கம்பெனி அவரை அனுப்பியது. போனவருக்கு மலைப் பித்துப் பிடித்துவிட்டது.

அடுத்த ஆண்டே மாட்டர்ஹார்னில் ஏறத் தொடங்கினார். சுவிட்சர்லாந்துப் பக்கம் செங்குத்துச் சுவர் போலத் தெரிந்தது. ஆகவே, பெரும்பாலோர் இத்தாலிப் பக்கமாகவே முயன்றார்கள். அவரும் அப்படியே.

1862-ல் தனியாகப் போனார். இறங்கும்போது கால் வழுக்கியது. சுமார் 200 அடி உருண்டு, பாதாளத்தின் விளிம்பில் வந்து நின்றார். தலையில் ரத்தம் கொட்டியது. பனியை அள்ளிக் காயத்தில் அப்பினார். இருட்டில் தட்டுத் தடுமாறி ஊர் வந்து சேர்ந்தார். சில நாட்களில் மீண்டும் மலைக்குக் கிளம்பிவிட்டார்!

கூரையும் படிக்கட்டும்

பல முறை தோற்ற பிறகு, வழியே தவறோ என்று யோசித்தார். படம் வரைகிறவர் கண் அல்லவா? மலையைப் பக்கவாட்டில் பார்த்தார். சுவர் போலத் தெரிந்த கிழக்குப் பக்கம், உண்மையில் சுமார் 40 டிகிரி சாய்வுதான்!

இன்னொன்றும் கண்டார். இத்தாலிப் பக்கம் பாறை அடுக்குகள் வெளிப்புறமாகச் சரிந்திருந்தன. ஓட்டுக் கூரையில் ஏறுவது போல, பிடித்த இடமெல்லாம் வழுக்கும். அதே அடுக்குகள் மறுபக்கத்தில் மலைக்குள்ளே சாய்ந்து, படிக்கட்டு போல இருந்தன. பயந்து ஒதுக்கிய பக்கமே ஏற ஏற்ற பக்கம்!

1865 ஜூலையில் இத்தாலிய வழிகாட்டி காரெல் வேறொரு கோஷ்டியுடன் இத்தாலிப் பக்கமாகப் புறப்பட்டுவிட்டார். விம்பர் சுவிட்சர்லாந்தில் உள்ள ஜெர்மாட் ஊருக்கு விரைந்தார். அங்கே அவசரமாக 7 பேர் கொண்ட கூட்டம் சேர்ந்தது. அதில் ஹாடோ என்ற 19 வயது வாலிபருக்கு மலை அனுபவம் மிகக் குறைவு. அவரைச் சேர்த்தது பெரும் பிசகு.

ஜூலை 14, பகல் 1.40. உச்சியில் மனிதன் கால் வைத்தான்! கீழே வெகு தூரத்தில், இத்தாலிப் பக்கம் காரெல் கூட்டம் எறும்பு போலத் தெரிந்தது.

அறுந்த கயிறு

இறங்கும்போது விபரீதம் நேர்ந்தது. ஹாடோ சறுக்கி, முன்னால் சென்ற வழிகாட்டி குரோ மீது விழுந்தார். ஒரே கயிற்றில் கட்டியிருந்ததால், பாதிரியார் ஹட்சனும் 18 வயது டக்ளஸ் பிரபுவும் இழுக்கப்பட்டார்கள். டக்ளசுக்கும் அடுத்தவரான டாவ்க்வால்டருக்கும் நடுவே கயிறு அறுந்தது. நால்வரும் பாதாளத்தில் விழுந்து மாண்டார்கள். டக்ளஸ் உடல் கிடைக்கவே இல்லை.

விம்பர், டாவ்க்வால்டர், அவர் மகன் ஆகிய மூவர் பிழைத்தனர். தம்மைக் காக்க டாவ்க்வால்டரே கயிற்றை அறுத்தார் என்று ஊர் பேசியது. விசாரணையில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. கொண்டுபோன கயிறுகளில் மிக மெலிந்ததையே அந்த இடத்தில் கட்டியிருந்தார்கள். நல்ல கயிறும் கையில் இருந்ததே!

மூன்றாம் நாள் காரெலும் இத்தாலிப் பக்கமாக உச்சியை அடைந்தார். பழைய போட்டியை மறந்து, 1879-ல் அவரையே அழைத்துக்கொண்டு தென் அமெரிக்கா போனார் விம்பர். அங்கே 20,500 அடிக்கு மேல் உயர்ந்த சிம்பொராசோ சிகரத்தில் இருவரும் ஏறினார்கள்.

1911-ல், குரோ பிறந்த ஷாமொனி பள்ளத்தாக்கில், விம்பர் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அறுந்த கயிற்றின் துண்டு ஜெர்மாட் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது.