பிரித்த நாடும் சேர்த்த உறவும்



பாகப்பிரிவினை என்றாலே உறவுகள் ஆட்டம் காண்கின்றன. அரண்மனையும் இதற்கு விதிவிலக்கல்ல. பேரரசர் சார்லமேனின் மகன் லூயியின் வாழ்வே இதற்குச் சான்று. பக்திமான் லூயி என்று வரலாறு இவரை அழைக்கிறது.

778-ம் ஆண்டு பிறந்த இவர், 814-ல் தந்தை இறந்ததும் பிராங்குப் பேரரசை ஆளத் தொடங்கினார். தமக்குப்பின் பிள்ளைகள் சண்டையிடக் கூடாதென்று 817-ல் ஓர் ஆணை பிறப்பித்தார். மூத்தவர் லொத்தேருக்குப் பேரரசர் பட்டம். பெப்பினுக்கும் இளைய லூயிக்கும் அவருக்குக் கீழ்ப்பட்ட அரசுகள். இத்தாலியும் லொத்தேருக்கே உட்பட்டது என்றார். அங்கே அரசராயிருந்த அண்ணன் மகன் பெர்னார்டு கிளர்ந்தெழுந்தார். தண்டனையாக அவருடைய கண்கள் பறிக்கப்பட்டன. 818-ல் அந்த வேதனையிலேயே இறந்தார். அத்துடன், துரோகோ உள்ளிட்ட தம் மாற்றாந்தாய்ச் சகோதரர்களையும் லூயி முடி மழித்துத் துறவு மடங்களுக்கு அனுப்பினார்.

மனச்சான்று அவரை விடவில்லை. 822-ல் அத்தினியில், ஆயர்களும் பிரபுக்களும் கூடிய அவையில், பேரரசர் தம் பாவத்தை ஏற்று மனவருத்தம் தெரிவித்தார். சகோதரர்களோடு ஒப்புரவானார். அடுத்த ஆண்டே துரோகோ மெட்ஸ் நகரின் ஆயரானார்.

அதே 823-ல் இரண்டாம் மனைவி யூதித்துக்குச் சார்லஸ் பிறந்தான். 829-ல் அவனுக்கும் பங்கு கொடுத்தபோது எழுதிய ஆணை குலைந்தது. மூத்த மகன்கள் இருமுறை எழும்பினர். 833-ல் கோல்மார் அருகே படையினர் லூயியைக் கைவிட்டு மகன்கள் பக்கம் போயினர். சுவாசோனில் அவர் மீது பொதுத் தவம் சுமத்தப்பட்டது. 834-ல் மீண்டும் அரியணை ஏறினார்.

840 ஜூன் 20-ல் ரைன் நதித் தீவொன்றில் லூயி இறந்தபோது, அருகிலிருந்து ஆறுதல் அளித்தவர் ஆயர் துரோகோ! அவருடைய தூண்டுதலால், தமக்கு எதிராக எழுந்த இளைய லூயியை மன்னித்தே கண்மூடினார். மகன்களோ மறு ஆண்டே போர்க்களத்தில் மோதினர். 843-ல் வெர்தூன் உடன்படிக்கையால் பேரரசு மூன்றாகியது.

அன்பர்களே, ஆணைகளால் லூயி காக்க நினைத்த ஒற்றுமை நிலைக்கவில்லை. தாமே மனமிறங்கிச் சேர்த்துக்கொண்ட சகோதரரோ சாகும்வரை துணை நின்றார். நம் இல்லங்களில் பத்திரம் எழுதுமுன், யாரோடு ஒப்புரவாக வேண்டும் என்று சிந்திப்போம். பங்கு பெறாமல் விடப்பட்டவர் யார் என்றும் பார்ப்போம்.