நியூட்டன் பாதிரியாரின் நெஞ்சு

முதலாளியின் நெஞ்சு ஒருமுறை சுட்டுவிட்டால் போதும், ஆள் திருந்திவிடுவான் என்று நம்புகிற தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே ஜான் நியூட்டனின் வாழ்க்கையைச் சொல்ல முன்வருகிறோம். ஆப்பிள் விழக் கண்ட விஞ்ஞானி அல்ல; இவர் வேறு. அடிமைக் கப்பலின் தலைவராயிருந்து பாதிரியார் ஆனவர். மாதா கோயில்களில் இன்றும் பாடப்படும் அமேசிங் கிரேஸ் என்ற பாட்டை இயற்றியவர்.

1725-ல் லண்டனில் பிறந்தார். தகப்பனாரும் கப்பல்காரரே. கடற்படையிலிருந்து ஓடிப் பிடிபட்டுக் கசையடி வாங்கினார். ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்கிருந்து பட்டினியும் கிடந்தார். 1748-ல் தாய்நாடு திரும்பும் வழியில் பெரும்புயல். கப்பல் மூழ்கும் தறுவாயில், தம் பாவங்களை நினைத்து ஆண்டவனை வேண்டினார்.

அன்றே அடிமை வியாபாரத்தைத் தலைமுழுகிவிட்டார் என்று கதை சொல்லுவோர் உண்டு. அது கட்டுக்கதை. மனம் மாறிய பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குத் தலைவரே ஆனார்! 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். ஞாயிறன்று மேல்தட்டில் மாலுமிகளுக்கு ஜெபம். கீழ்த்தட்டில் இருவர் இருவராக விலங்கிடப்பட்ட ஆப்பிரிக்கர்கள். 1752-ல், அடிமைகள் கலகம் செய்யப் போகிறார்கள் என்ற சந்தேகத்தில், சிறுவர்களின் கட்டைவிரலைத் திருகாணியில் இறுக்கி விசாரித்ததைத் தம் நாட்குறிப்பில் அவரே எழுதி வைத்தார். தெய்வ நிந்தனை செய்ததற்காக அழுத நெஞ்சு, மனிதனை விற்றதற்காக அழவில்லை. ஏன் அழும்? ஊரே அதைக் கண்ணியமான தொழில் என்றது. லிவர்ப்பூல் துறைமுகம் அந்தப் பணத்தில் கொழுத்தது. ஊர் எதைக் குற்றம் என்கிறதோ அதற்குத்தான் நெஞ்சும் உறுத்துகிறது!

1754-ல் தொழிலை விட்டதும் உடல்நலம் கெட்டதால்தான். 1764-ல் பாதிரியார் ஆனார். 1772-ன் இறுதியில் எழுதிய அந்தப் புகழ்பெற்ற பாட்டிலும் அடிமைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. கப்பலை விட்டு இறங்கி 34 ஆண்டுகள் அவர் அந்த வியாபாரத்தைக் கண்டித்து ஊரறிய ஒரு பிரசுரம் வெளியிட்டதில்லை.

பிறகு வாயைத் திறக்க வைத்தது எது? 1787-ல் லண்டனில் அடிமை வியாபார ஒழிப்புச் சங்கம் தோன்றியது. கிளார்க்சன் என்ற இளைஞர் துறைமுகம் துறைமுகமாகச் சென்று மாலுமிகளிடம் சாட்சியம் திரட்டினார். ஆலை நகரமான மான்செஸ்டரில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மகஜரில் கையெழுத்திட்டனர். அடிமையாயிருந்து மீண்ட எக்கியானோ, தாம் பட்டதை 1789-ல் புத்தகமாக்கினார். பார்லிமெண்டில் வில்பர்போர்ஸ் போராடினார். அரசியலை விட்டு விலகிவிடலாமா என்று 1785-ல் அவர் யோசனை கேட்க வந்தபோது, விலகாதே என்று சொல்லி அனுப்பியவர் நியூட்டனே. அதை மறைப்பது நியாயமல்ல.

இயக்கம் சாட்சி கேட்டது. 1788-ல் கிழவர் எழுந்தார். தாம் கண்டதையும் செய்ததையும் சிறு நூலாக வெளியிட்டார். காலங்கடந்த வாக்குமூலம் என்று அதில் தாமே ஒப்புக்கொண்டார். அரசரின் ஆலோசனைச் சபையின் முன்பும், 1790-ல் பார்லிமெண்ட் கமிட்டியின் முன்பும் சாட்சி சொன்னார். விலங்கு, கசை, பெண்களுக்கு மாலுமிகள் இழைத்த கொடுமை எல்லாம் வெளிவந்தன. பொய் என்று தள்ள வியாபாரிகளால் முடியவில்லை. சொன்னவர் அவர்களுள் ஒருவராய் இருந்தவர் அல்லவா?

சட்டம் நிறைவேற மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1807 மார்ச்சில் பிரிட்டனின் அடிமை வியாபாரம் ஒழிந்தது. அதுவரை உயிரோடிருந்த நியூட்டன், அதே ஆண்டு டிசம்பரில், 82-வது வயதில் காலமானார்.