கையால் அச்சிட்ட நூலும் கைவிட்டு வந்த ஏடுகளும்

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அப்பப்பாவின் வைத்திய ஏடுகளை அலுமாரியிலேயே விட்டு வந்தோம். திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். அந்த ஏடுகளை நினைக்கும்போதெல்லாம் ஆனந்த குமாரசுவாமி நினைவுக்கு வருகிறார்.

இங்கிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், கொள்ளுப்பிட்டியில், 1877 ஆகஸ்ட் 22 அன்று அவர் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி. தாய் எலிசபெத் ஆங்கிலேயர். கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவருடைய மாமி மகன். இரண்டு வயது நிரம்பும் முன்பே தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தார்.

1903இல் இலங்கையின் கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பானார். கல்லைத் தேடிக் கண்டிக் கிராமங்களுக்குப் போனவர் அங்கே தச்சரையும் கொல்லரையும் குயவரையும் பாய் இழைப்போரையும் கண்டார். இயந்திரப் பொருட்களின் வரவால் அவர்களின் தொழில்கள் நலிந்துகொண்டிருந்தன. மனைவி எதெல் படம் பிடிக்க, இவர் கேட்டுக் கேட்டு எழுதினார்.

எழுதியதை அச்சிட்ட விதமும் ஒரு கைவினைதான். இங்கிலாந்தின் புரோட் கம்டனில், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கை அச்சுப்பொறியில், கையால் செய்த தாளில் நூல் உருவானது. கந்தல் துணியை ஊறவைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தால் அள்ளி, ஒவ்வொன்றாக உலர்த்தும் தாள் அது. ஜப்பானியர் கோசோ மரப்பட்டையில் வாஷித் தாள் செய்வதும் ஏறக்குறைய இவ்வாறே. 1907 செப்ரெம்பரில் தொடங்கிய அச்சு வேலை 1908 டிசெம்பரில் முடிந்தது. மொத்தம் 425 பிரதிகள்.

அந்த நூல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றியது. அதை எழுதியவர் ஒரு தமிழரின் மகன். அழிகிற கலை யாருடையது என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. 1917 முதல் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றி, 1947இல் அமெரிக்காவிலேயே காலமானார். அவர் எழுதிவைத்ததால் அந்தக் கைகளின் அறிவு இன்றும் இருக்கிறது.

எங்கள் ஏடுகளை அப்படி ஒருவரும் எழுதிவைக்கவில்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் நினைவிருக்கிறது. ஓலையை அவித்து, உலர்த்தி, எழுத்தாணியால் கீறி, கரி பூசும் முறையையும், சில மருந்துகளின் பெயரையும் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்கிறார். நான் கொப்பியில் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் சொல்லக்கூடிய ஒருவர் இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் இருந்து கேளுங்கள்.