டார்வின் தொலைத்த சங்கீதம்

சார்லஸ் டார்வின் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது நீண்ட வெள்ளைத் தாடியும், பரீட்சைக்கு நெட்டுருப் போட்ட பரிணாமக் கொள்கையும்தான். விலங்கியல் படித்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த மேதை பாட்டையும் கவிதையையும் எப்படி ரசித்தார், பிறகு அந்த ரசனையை எப்படித் தொலைத்தார் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் நமக்குச் சொல்லவில்லை. கல்லூரியை விட்டுப் பல வருஷம் கழித்து ஒன்றுகூடும் நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

டார்வின் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். பள்ளியில் கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயரெடுத்தவர் அல்ல. ஆனால் பள்ளிக் கட்டடத்தின் தடித்த சுவரில் இருந்த பழைய ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு ஷேக்ஸ்பியரின் சரித்திர நாடகங்களை மணிக்கணக்காகப் படிப்பார். மார்க்குக்காகப் படித்ததில்லை, ஆசைக்காகப் படித்தது.

எடின்பரோவில் டாக்டர் படிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. பாதிரியாராகவாவது ஆகட்டும் என்று தகப்பனார் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். 1828 முதல் 1831 வரை அங்கே கிறைஸ்ட் கல்லூரி மாணவர். வண்டு பிடிப்பது, குதிரைச் சவாரி, சிநேகிதர்களோடு அரட்டை என்று பொழுது போனது. நம்ம ஹாஸ்டல் நாட்களைப் போலத்தான்! அங்கே சங்கீதப் பித்துப் பிடித்த நண்பர்கள் சிலர் வாய்த்தார்கள். கிங்ஸ் கல்லூரி தேவாலயத்தில் பாடும் பாட்டைக் கேட்பதற்காகவே, தான் உலாவப் போகும் நேரத்தை அதற்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொள்வார். கேட்கும்போது சில சமயம் முதுகுத்தண்டு சிலிர்க்குமாம். அது போதாதென்று, பாடும் சிறுவர்களைக் காசு கொடுத்துத் தன் அறைக்கே வரவழைத்துப் பாடச் சொன்னதும் உண்டு.

இத்தனைக்கும் மனுஷருக்குச் சுருதி ஞானமே கிடையாது. தெரிந்த பாட்டையே கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ வாசித்து, இது என்ன பாட்டு என்று நண்பர்கள் பரீட்சை வைப்பார்கள். அப்படி வாசித்தால் தங்கள் தேசிய கீதமே அவருக்குப் பிடிபடாது! ஞானம் இல்லாவிட்டால் என்ன? சந்தோஷத்துக்கு அது தடையாக இருக்கவில்லை.

1831 டிசம்பரில் பீகிள் கப்பலில் ஏறியவர் 1836 அக்டோபரில்தான் ஊர் திரும்பினார். வழியில் கரையிறங்கி உள்நாட்டுக்குள் போகும்போது ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் இடம் என்றால், அவர் எடுத்துக்கொண்டது மில்டனின் பாரடைஸ் லாஸ்ட் காவியம்.

1839-ல் எம்மாவை மணந்தார். 1842-ல் கென்ட் பகுதியில் டவுன் என்ற கிராமத்தில் குடியேறினார். அப்புறம் வேலை, வேலை, வேலைதான். கடற்பாறைகளில் ஒட்டிக்கிடக்கும் கொட்டலசு என்ற சின்னஞ்சிறு உயிரினத்தை ஆராயவே 8 வருஷம் செலவழித்தார். 1859-ல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய நூல் வெளிவந்து உலகையே கலக்கியது. உடம்போ அடிக்கடி படுத்தியது.

1876-ல், 67 வயதில், பிள்ளைகளுக்காகத் தன் வாழ்க்கைக் கதையை எழுத உட்கார்ந்தார். அதில் மறைக்காமல் ஒரு துக்கத்தைச் சொல்கிறார். முப்பது வயது வரையிலும், அதைத் தாண்டியும் தித்தித்த கவிதையில் இப்போது ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. ஷேக்ஸ்பியர் சலித்துக் குமட்டுகிறது. சங்கீதத்திலும் ருசி போய்விட்டது. பாட்டுக் கேட்டால் மனசு வேலையைப் பற்றித்தான் நினைக்கிறது. தகவல்களைப் போட்டு விதிகளை அரைத்தெடுக்கும் இயந்திரமாக மூளை ஆகிவிட்டதோ என்று கவலைப்படுகிறார். இன்னொரு பிறவி கிடைத்தால் வாரம் ஒரு தடவையாவது கொஞ்சம் கவிதை படிப்பதையும் கொஞ்சம் இசை கேட்பதையும் விதியாக வைத்துக்கொள்வாராம். இந்த ருசிகள் போவது சந்தோஷமே போவதுதான் என்றும், அறிவுக்கும் குணத்துக்கும்கூட அதனால் கெடுதல் வரலாம் என்றும் அவர் கருதினார். உலகப் புகழ் பெற்ற மனிதர் சொன்ன கணக்கு இது!

ஆனால் வீட்டார் பார்த்த டார்வின் அவ்வளவு வறண்டவர் அல்ல. தினமும் வேலைக்கு நடுவில் சோபாவில் சாய்ந்துகொள்வார். எம்மா நாவல் படிக்க, இவர் கேட்பார். முடிவு சோகமாக இருந்தால் பிடிக்காது. அப்படி எழுதுவதைச் சட்டம் போட்டே தடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் பகடை உருட்டி பாக்கேமன் இரண்டு ஆட்டம் ஆடுவார்கள். விஞ்ஞானி அல்லவா, அதற்கும் கணக்கு வைத்திருந்தார். 1876 தொடக்கத்தில் எம்மா ஜெயித்தது 2490, இவர் ஜெயித்தது 2795. அடேயப்பா! பிறகு எம்மா பியானோ வாசிப்பார். பிடித்த பாட்டை மறுமுறை கேட்டால் அடையாளம் தெரியாது. ஆனால் மறுபடியும் அதுவேதான் பிடிக்கும் என்று மகன் பிரான்சிஸ் எழுதி வைத்திருக்கிறார். 1881 ஜூனில் புகழ்பெற்ற இசை நடத்துநர் ஹான்ஸ் ரிக்டர் வீட்டுக்கு வந்து பியானோ வாசித்தபோது, தாத்தா உற்சாகத்தில் திளைத்துப் போனாராம்.

அதே வருஷம் வெளிவந்த மண்புழு நூலிலும் சங்கீதம் இருக்கிறது. தொட்டியிலிருந்த புழுக்களுக்கு விசில் ஊதினார்கள். நாகஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் பாசூனை வாசித்தார்கள். பக்கத்தில் பியானோவை ஓங்கித் தட்டினார்கள். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து ஒரு ஸ்வரம் தட்டியதும் அதிர்வு பட்டு வளைக்குள் ஓடிவிட்டன. புழுவுக்குக் காது கேட்காது என்பது முடிவு. குடும்பமே கூடிச் செய்த சோதனை அது. வீட்டில் எவ்வளவு சிரிப்பு எழுந்திருக்கும்!

1882 ஏப்ரல் 19-ல் டார்வின் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

நண்பர்களே, ஹாஸ்டல் வராந்தாவில் மேசையைத் தட்டிப் பாடியவர்கள் நாம். ஒரே நாவலை நாலு பேர் கை மாற்றிப் படித்தவர்கள். உத்தியோகம், வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று ஓடியதில் அதெல்லாம் எங்கே போச்சு என்று நமக்கே தெரியவில்லை. டார்வினுக்கு இருந்தது ஒரு அதிர்ஷ்டம்: பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்டவும் வாசித்துக்காட்டவும் ஆள் இருந்தது. மறுபிறவிக்கென்று அவர் தள்ளிவைத்த விதியை நாம் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். ஒரு பாட்டு, நாலு பக்கம் படிப்பு. முடிந்தால் கூட ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சந்திப்பில் யார் என்ன கேட்டோம், என்ன படித்தோம் என்று பேசிக்கொள்வோமே!