நல்ல தண்ணீருக்காக அடிவாங்கிய வாத்தியார்

யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் புங்குடுதீவுக்குப் போகும் பஸ்ஸில் பாதிக்கு மேல் ஆசிரியர்கள்தான். பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு இரண்டு பக்கமும் கடலாக நீளும் வாணர் பாலம். சிலர் குறிகட்டுவான் வரை போய், அங்கிருந்து படகில் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போவார்கள். எங்கள் எல்லோருடைய பையிலும் கொப்பிகளோடு ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலும் இருக்கும். தீவுத் தண்ணீர் சவர் என்பதால் குடிதண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போகிறோம். பிள்ளைகள் பவுசரில் வரும் தண்ணீரைக் குடிப்பார்கள். பல வருடங்களாக ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். அந்தப் போத்தலைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது மு. தளையசிங்கத்தின் வாழ்க்கையை ஒழுங்காக அறிந்துகொண்ட பிறகுதான்.

தளையசிங்கத்தை இலக்கிய வாசகர்களுக்குத் தெரியும். 1935இல் புங்குடுதீவில் பிறந்தவர், பேராதனையில் படித்துப் பட்டம் பெற்றவர், ஈழத்து இலக்கியத்தில் மிகப் பெரிய கேள்விகளைக் கேட்டவர் என்று சொல்வார்கள். அவர் ஓர் ஆசிரியர் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. கடைசியில் அவர் உயிரைக் கொடுத்த காரியம், ஓர் ஊர் வாத்தியார் வகுப்புக்கு வெளியே செய்த காரியம்.

அந்தக் காலத்துத் தீவில் வாத்தியார் என்றால் என்ன என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கடினம். புங்குடுதீவு ஆண்களில் பெரும் பங்கினர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்திருந்தார்கள், அல்லது கடைகளில் வேலை செய்தார்கள். ஊரில் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும்தான். தந்தி வந்தால் வாசித்துச் சொல்ல வாத்தியார் வேண்டும். கச்சேரிக்கு மனு எழுத, காணிப் பிணக்கில் நியாயம் சொல்ல, கோயில் திருவிழாவில் பேச, எல்லாவற்றுக்கும் வாத்தியார்தான். அவர் தெருவில் வந்தால் சைக்கிளில் வருபவர்கள் இறங்கி நடப்பார்கள். சம்பளம் பெரிதில்லை, மரியாதை பெரிது. அந்த மரியாதையைக் கொடுப்பது யார், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று பெரும்பாலான வாத்திமார் கேட்கவில்லை. தளையசிங்கம் கேட்டார்.

அவர் எழுதத் தொடங்கிய காலம் 1956க்குப் பிந்தியது. தனிச் சிங்களச் சட்டம் வந்து, 1958 கலவரம் நடந்து, தமிழர்கள் தங்கள் இடம் எது என்று கேட்டுக்கொண்டிருந்த காலம். அந்தக் கேள்வியை வைத்தே அவர் ‘ஒரு தனி வீடு’ என்ற நாவலை எழுதினார். அது அவர் இறந்து பல வருடங்களின் பின் 1984இல்தான் புத்தகமாக வந்தது. 1965இல் ‘புதுயுகம் பிறக்கிறது’ சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது. 1956 முதல் 1963 வரையான ஈழத்து எழுத்தை எடைபோட்டு ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ எழுதினார். அதில் அன்று செல்வாக்கோடு இருந்த முற்போக்கு அணியின் விமர்சகர்களை நேராக எதிர்த்தார். 1970இல் ‘போர்ப்பறை’ வந்தது. ‘மெய்யுள்’ அவர் இறந்த பின் 1974இல் வந்தது.

இந்த நூல்களை நான் முழுதாக விளங்கிக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஓர் எண்ணம் ஆசிரியருக்கு உடனே பிடிபடும். எழுத்து வேறு, வாழ்க்கை வேறு, தொழில் வேறு, ஆன்மிகம் வேறு என்று பிரித்து வைத்திருப்பதுதான் எங்கள் காலத்தின் நோய் என்று அவர் நினைத்தார். எதிர்காலத்தில் கலைஞன் என்று தனியாக ஒருவன் இருக்கமாட்டான், ஒவ்வொருவரும் தம் அன்றாட வேலையிலேயே கலைஞராக இருப்பார்கள் என்பது அவருடைய கனவு. மார்க்சியத்தின் சமத்துவக் கோரிக்கையை அவர் தள்ளவில்லை. அது மனிதனின் உள்ளே நிகழவேண்டிய மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்றார். காந்தியும் அரவிந்தரும் இராமகிருஷ்ணரும் அவருக்கு வழிகாட்டிகள். ஆன்மிகம் பேசி வர்க்கப் பிரச்சினையை மூடுகிறார் என்று அன்றைக்கே அவரைக் குற்றம் சொன்னவர்கள் உண்டு. அதற்கு அவர் சொன்ன மிகத் தெளிவான பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது ஒரு கிணற்றடியில் இருக்கிறது.

அந்தக் கிணற்றுக்குப் போகமுன் தீவுத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் தீவுகளில் ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் மாரி மழை இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாக நிற்கும். அதுதான் நல்ல தண்ணீர். அளவுக்கு மேல் இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். ஆடி, ஆவணியில் பல கிணறுகள் சவராகும். ஆகவே வருடம் முழுக்க நல்ல தண்ணீர் தரும் கிணறு ஓர் ஊருக்கு ஒன்றிரண்டுதான். அந்தக் கிணறு யார் கையில் இருக்கிறதோ, ஊர் அவர்கள் கையில்.

சாதி அங்கேதான் வந்து நின்றது. ஒடுக்கப்பட்ட மக்கள் கிணற்றுக் கட்டில் ஏறக்கூடாது, வாளியைத் தொடக்கூடாது. குடத்தோடு தள்ளி நிற்கவேண்டும். மேல்சாதியைச் சேர்ந்த யாராவது வந்து, மனமிருந்தால், தூர நின்று அள்ளி ஊற்றுவார்கள். அவர்கள் வரும்வரை வெயிலில் காத்திருக்கவேண்டும். ஒரு குடம் தண்ணீருக்கு அரை நாள் போன கதைகளைத் தீவகத்து முதிய பெண்கள் இன்றும் சொல்வார்கள், கேட்பதற்கு ஆளிருந்தால்.

பள்ளிக்கூடமும் இதற்கு வெளியே நிற்கவில்லை. 1920களின் கடைசியில், அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்தவேண்டும் என்று பணிப்பு வந்தபோது யாழ்ப்பாணத்தில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. சில பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. அதுவரை சில பிள்ளைகள் வாங்கில் இருந்தார்கள், சிலர் நிலத்தில் இருந்தார்கள். நிலத்தில் இருந்த பிள்ளை முதலாம் வகுப்பிலேயே ஒரு பாடத்தைப் படித்துவிடும், அரிவரி படிக்கமுன்பே. வாங்கில் இருந்த பிள்ளையும் அதே பாடத்தை மறுபக்கமிருந்து படித்துவிடும். 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. கோயில், கடை, கிணறு போன்ற பொது இடங்களில் சாதி சொல்லி மறிப்பது குற்றமாயிற்று. சட்டம் கொழும்பில் இருந்தது. கிணறு அதே இடத்தில் இருந்தது.

1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒடுக்கப்பட்ட மக்கள் ஊர்வலம் போனபோது பொலிஸ் தாக்கியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் நடந்தது. தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் கதவுகள் ஒவ்வொன்றாகத் தட்டப்பட்டன. அந்த அலை தீவுக்குள்ளும் வந்தது.

தளையசிங்கம் அப்போது தன் ஊரிலேயே ஆசிரியராக இருந்தார். தம்பியும் கவிஞருமான மு. பொன்னம்பலமும் நண்பர்களும் அவரோடு இருந்தார்கள். சர்வோதயம் என்று ஓர் இயக்கமாகச் சேர்ந்தார்கள், ‘சத்தியம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார்கள். 1971இல் கண்ணகை அம்மன் கோயிலடி நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் தங்கள் கையால் தண்ணீர் அள்ளவேண்டும் என்று சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள்.

அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். ஏப்ரலில் தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி நடந்தது, நாடு அவசரகாலச் சட்டத்தின் கீழ் இருந்தது. கூட்டம் கூடுவதே ஆபத்து. தளையசிங்கம் அந்தக் கிணற்றில் அள்ளத் தடையில்லாத பக்கத்தில் பிறந்தவர். அவருடைய வீட்டில் யாரும் குடத்தோடு காத்து நிற்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் ஊர் அவரைத் தலையில் வைத்திருக்கும். அரசாங்க உத்தியோகம், எழுத்தாளன் என்ற பெயர், வாத்தியார் என்ற மரியாதை எல்லாம் அப்படியே இருந்திருக்கும். அவர் அவற்றைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்தார்.

பொலிஸ் அவரைப் பிடித்தது, அடித்தது, மறியலில் வைத்தது. அவரோடு நின்றவர்களும் அடிபட்டார்கள். அதற்குப் பிறகு அவருடைய உடம்பு தேறவில்லை. 1973 ஏப்ரல் 2ஆம் திகதி இறந்தார். முப்பத்தெட்டு வயதைத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் எல்லோருடைய வாழ்க்கையிலும் போர் வந்தது. 1985இல் குமுதினிப் படகு. 1990இல் ஊர்காவற்றுறையும் மண்டைதீவும். 1991இல் புங்குடுதீவும் வெறுமையானது. நான் அப்போது சிறுபிள்ளை. இரவில் வள்ளத்தில் மறுகரைக்குப் போனோம். ஒரு வளவில் எங்களையும் இன்னொரு குடும்பத்தையும் இருக்க விட்டார்கள். வீட்டுக்காரர் நல்ல மனிதர். முதல் நாளே எங்கள் அம்மாவிடம் ஊரில் எந்தப் பக்கம், யாருடைய ஆட்கள் என்று கேட்டார். அம்மா சொன்னா. எங்களுக்கு வாளி கிடைத்தது. மற்றக் குடும்பத்திடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவர்களுக்கு வாளி கிடைக்கவில்லை, அம்மாதான் அவர்களுக்கு அள்ளி ஊற்றினா. இரண்டு குடும்பமும் ஒரே வள்ளத்தில், ஒரே பயத்தோடு வந்தவர்கள். அவர்களுடைய மகள் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். அம்மா தண்ணீர் ஊற்றியதை நான் வெகுகாலம் கருணை என்றே நினைத்திருந்தேன். வாளி எங்கள் கையில் ஏன் இருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

தளையசிங்கத்தைப் படித்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. அள்ளி ஊற்றுகிற நல்லவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அவரும் அப்படி ஒரு நல்லவராக இருந்து, நூறு குடம் ஊற்றிவிட்டு, வீட்டுக்குப் போய் எழுதியிருக்கலாம். வாளியையே கைமாற்றவேண்டும் என்றுதான் அவர் போய் இருந்தார். அடி விழுந்தது அதற்காகத்தான்.

போர் எங்களுக்குச் செய்ததைப் பற்றி நாங்கள் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். காணாமற்போனவர்கள், காணி, எலும்புகள், இன்னும் பதில் வராத கேள்விகள். ஆனால் போருக்கு முன்னும் எங்கள் ஊரில் ஒரு காயம் இருந்தது, அதைச் செய்தவர்கள் வெளியிலிருந்து வரவில்லை. மீண்டும் ஊருக்கு வந்தபோது கிணறுகள் பற்றைக்குள் கிடந்தன, சில தூர்ந்துவிட்டன. வெளிநாட்டுக் காசில் கோபுரங்கள் எழுந்தன. யாரும் இப்போது கிணற்றில் மறிப்பதில்லை என்று சொல்வார்கள். பெரும்பாலும் உண்மை, ஏனென்றால் பலர் கிணற்றையே பாவிப்பதில்லை. ஆனால் எந்தப் பக்கம் என்ற கேள்வி சாகவில்லை. கலியாணப் பேச்சில் கேட்கிறார்கள், கோயில் நிர்வாகத்தில் கேட்கிறார்கள். பாடசாலையில் ஒரு பிள்ளையின் பெயரைப் பதியும்போது சில ஆசிரியர்களின் கண்களும் கேட்கின்றன.

ஆரம்பப் பிரிவில் சுற்றாடல் பாடத்தில் நீர் என்று ஒரு பகுதி வரும். மழை, கிணறு, குளம், கடல் எல்லாம் படிப்பிப்போம். சிக்கனமாகப் பாவிக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுப்போம். ஒருமுறை ஒரு பிள்ளை என்னைக் கேட்டது, டீச்சர் ஏன் எங்கட தண்ணியைக் குடிக்கிறதில்லை என்று. சவர் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தொட்டியில் இருப்பது பவுசர் தண்ணீர், அது சவரில்லை. அது என் வீட்டுத் தண்ணீரைவிட மோசம் என்று எனக்குத் தெரியவும் தெரியாது, ஒருநாளும் குடித்துப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து தொட்டித் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். இது பெரிய காரியமில்லை, தளையசிங்கம் செய்ததோடு ஒப்பிடவும் கூடாது. பிள்ளைகள் எங்கள் வாயைவிடக் கையைத்தான் பார்க்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தமிழகத்தில் சுந்தர ராமசாமி போன்றவர்கள் தளையசிங்கத்தைப் பற்றி எழுதினார்கள். அவருடைய படைப்புகள் தொகுக்கப்பட்டு வந்திருக்கின்றன, இனி அவர் மறக்கப்படமாட்டார். ஆனால் அந்தக் கிணற்றடியில் குடத்தோடு அவர் பக்கத்தில் நின்ற பெண்களின், ஆண்களின் பெயர்களை நாங்கள் எழுதி வைக்கவில்லை. அவரைவிட அவர்களுக்குத்தான் இழக்க அதிகம் இருந்தது. மறுநாளும் அதே ஊரில், அதே முகங்களுக்கு நடுவே, தாகத்தோடு வாழவேண்டியவர்கள் அவர்கள்தான். அன்று இருபது வயதில் நின்றவர்களுக்கு இன்று எழுபதுக்கு மேல். சிலர் தீவில் இருக்கலாம், சிலர் வன்னியில், சிலர் பாரிசிலோ ரொறன்ரோவிலோ பேரப்பிள்ளைகளோடு. இதை வாசிக்கிற உங்கள் வீட்டில் அப்படி ஓர் ஆச்சியோ அப்புவோ இருந்தால், இந்த ஏப்ரலில் பக்கத்தில் இருந்து கேளுங்கள், எழுதி வையுங்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட ஒரு வகுப்பறை இந்தத் தீவில் இருக்கிறது.